பில்லில் இல்லாத வரி: புகையை விடச் சொன்னதற்கு யார் பணம் கொடுத்தார்கள்?

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் கோயிலைச் சுற்றி எங்கேயும் இல்லை. வேலூர் ரோட்டில், வேங்கிக்காலில் இருக்கிறது. 1989 செப்டம்பர் 30-ஆம் தேதி பழைய வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்ததால் கிடைத்த மாவட்டம் இது. கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு வேங்கிக்கால் என்றால் பஸ்ஸில் கடந்து போகும் ஒரு பெயர். மாவட்டத்துக்காரர்களுக்கோ மனு, பட்டா, சர்டிபிகேட். இந்தப் பதினைந்து வருடங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது... முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ரேஷன் கார்டையும் வி.ஏ.ஓ. கொடுத்த வருமானச் சான்றையும் கொண்டுபோனால் குடும்பத்தோடு நிற்கவைத்து போட்டோ எடுப்பார்கள், கைரேகை வைத்துக்கொள்வார்கள்.

அந்த மாதிரி வரிசை எங்கே நின்றாலும் ஒரு காட்சி இருக்கும். "கொஞ்சம் இடத்தைப் பாத்துக்கண்ணா" என்று பின்னால் நிற்பவரிடம் சொல்லிவிட்டு ஒருவர் வெளியே பெட்டிக்கடைக்குப் போவார். ஒரு பீடி. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவார். வாங்கப்போகிற அட்டை அவருக்கு மாரடைப்பு வந்தால் பைபாஸ் செய்யப் பணம் கொடுக்கும். நுரையீரலில் புற்றுநோய் வந்தால் கீமோதெரபிக்குக் கொடுக்கும். அந்த பீடியை விடுவதற்கு ஒரு டாக்டரிடம் நாலு முறை போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் மட்டும்? அதற்கு அந்த அட்டை ஒரு பைசாவும் கொடுக்காது.

இது யாரோ ஒருவர் வேண்டுமென்றே செய்த சதி கிடையாது. காப்பீடு என்ற வியாபாரம் எப்படி வளர்ந்தது, டாக்டர் பில் எப்படிப் போடப்படுகிறது என்பதில் இருக்கிறது இதன் கதை. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் சுவாரஸ்யம் அதிகம். மற்றவர்கள் கொட்டாவி விடாமல் தொடரலாம், நடுவில் ரஜினி வருகிறார் :-)

முதலில் பில்லைப் பார்ப்போம். இருமலோடு ஒருவர் நெஞ்சக நோய் நிபுணரிடம் போகிறார். கன்சல்டேஷன் ஃபீஸ் ஒரு வரி. எக்ஸ்ரே ஒரு வரி. குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் சக்தியை அளந்தால் அது ஒரு வரி. மருந்துக்கடை பில் தனி. இதற்கு நடுவில் டாக்டர் பத்து நிமிடம் செலவழித்து, "ஒரு நாளைக்கு எத்தனை? எழுந்தவுடனே பிடிப்பீங்களா? முன்னாடி விட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டு, ஒரு தேதி குறித்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினால்... அதற்கு வரி எதுவும் இல்லை. கன்சல்டேஷனுக்குள் கரைந்துவிடும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது வரியே இல்லாத வேலைக்கு எந்த டாக்டர் பத்து நிமிடம் கொடுப்பார்? நல்லவர்கள் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் "சிகரெட்டை விட்டுடுங்க" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு மணியை அடிக்கிறார்கள். இருதய டாக்டர், பல் டாக்டர், சர்க்கரை டாக்டர் எல்லோருக்கும் இதே கணக்குதான்.

புகைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் எழுதியது 1950-இல். அமெரிக்க சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரியின் அறிக்கை வந்தது 1964 ஜனவரி 11 அன்று. ஆனால் இரண்டுமே "விடு" என்றுதான் சொல்லின. எப்படி விடுவது, விடமுடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அன்று மருத்துவத்திடம் பதில் இருக்கவில்லை. புகைப்பது ஒரு கெட்ட பழக்கம், மன உறுதி இருந்தால் விடலாம், அவ்வளவுதான். கெட்ட பழக்கத்துக்கு எந்த இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும்?

இது மாறுவதற்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் தேவைப்பட்டது. ஸ்வீடனில் லண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கிளேஸ் லுண்ட்கிரன், 1967 டிசம்பரில் லியோ என்ற மருந்துக் கம்பெனியில் வேலை செய்த நண்பர் ஊவே ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கியில் சிகரெட் பற்றவைக்க முடியாது. மாலுமிகள் என்ன செய்கிறார்கள் என்றால், வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு சமாளிக்கிறார்கள்! அப்படியானால் ஆளைப் பிடித்து வைத்திருப்பது புகை இல்லை, நிகோடின். இந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் நிகோடின் சூயிங்கம் பிறந்தது. 1978-இல் ஸ்விட்சர்லாந்து அனுமதி கொடுத்தது, 1984-இல் அமெரிக்கா. (வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு நாள் முழுவதும் களை எடுக்கிற நம்மூர்ப் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் இதை இன்னும் சீக்கிரமே சொல்லியிருப்பார்கள். அது வேறு விஷயம்.)

இதே காலத்தில் இன்னொரு மாற்றம், இதைவிட முக்கியமானது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் புகையிலைச் சார்பு ஒரு நோயாக இடம்பிடித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் அதற்கு எஃப்17 என்று ஓர் எண்ணே கிடைத்தது. எண் கிடைத்தால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பில் போடுகிறவர்களுக்கு அதுதான் எல்லாமே. எண் இல்லாத நோய் இன்சூரன்ஸ் கம்பெனியின் கண்ணுக்குத் தெரியாது.

நோய்க்கு எண் வந்தபிறகும் சிகிச்சைக்கு எண் வரப் பல வருடங்கள் ஆயின. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2005 மார்ச் மாதம்தான் புகையை விட ஆலோசனை சொல்வதற்குத் தனியாகப் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதுவும் புகையால் ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு, அல்லது சாப்பிடும் மருந்தைப் புகை பாதித்தால் மட்டும். நோய் வராதவர்களுக்கும் உண்டு என்று ஆனது 2010 ஆகஸ்டில். 2008 முதல் இரண்டு நிரந்தர எண்கள்: 99406, 99407. மூன்று நிமிடத்துக்கு மேல் பத்து நிமிடம் வரை பேசினால் முதல் எண். பத்தைத் தாண்டினால் இரண்டாவது. மூன்று நிமிடமோ அதற்குக் குறைவாகவோ பேசினால் காசு கிடையாது, அது சாதாரண கன்சல்டேஷனில் அடக்கம். வருடத்துக்கு இரண்டு முயற்சி, ஒரு முயற்சிக்கு நாலு சந்திப்பு, ஆக எட்டு. டாக்டர் எத்தனை நிமிடம் பேசினார், என்ன பேசினார் என்பதை கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும்.

படித்தால் சிரிப்பு வரும். ஸ்டாப்வாட்ச் வைத்து அக்கறையை அளக்கிறார்கள் பாருங்கள் என்று. ஆனால் சிரித்து முடித்துவிட்டு யோசித்தால், இந்த எண் ஒரு வேலையைச் செய்தது. டாக்டரின் பத்து நிமிடப் பேச்சு ஒரு 'உபதேசம்' என்பதிலிருந்து 'சிகிச்சை' ஆனது. கிடைக்கும் தொகை சொற்பம். இருந்தாலும் பில்லில் அதற்கு ஒரு வரி வந்துவிட்டது.

பணம் கொடுப்பதால் பயன் உண்டா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஒரு பெரிய மருத்துவக் கூட்டுறவு அமைப்பில் நாலு விதமான காப்பீட்டை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 1998-இல் வெளியானது. உறுப்பினர் தன் கையிலிருந்தும் பங்கு கொடுக்கவேண்டும் என்ற இடத்தில், புகைப்பவர்களில் வருடத்துக்கு 2.4 சதவீதம் பேர்தான் அந்த உதவியைப் பயன்படுத்தினார்கள். முழுச் செலவும் காப்பீடே ஏற்றால் 10 சதவீதம். இதில் ஒரு வேடிக்கை: கைக்காசு கொடுத்து வந்தவர்களில் வெற்றி விகிதம் கொஞ்சம் அதிகம். காசு கொடுத்தவனுக்குத் தீவிரமும் அதிகம் போல! ஆனால் மொத்தக் கணக்கில், எல்லாப் புகைப்பவர்களிலும் இந்த உதவியால் விட்டவர்கள் 0.7 சதவீதத்திலிருந்து 2.8 சதவீதமாக, அதாவது நாலு மடங்காக ஆனார்கள். விகிதத்தைப் பார்ப்பதா, எண்ணிக்கையைப் பார்ப்பதா என்று புள்ளியியல் வகுப்பில் கேட்கும் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மாசசூசெட்ஸ் மாநிலம் 2006-இல் ஏழைகளுக்கான காப்பீட்டில் மருந்தையும் ஆலோசனையையும் சேர்த்தது. இரண்டரை வருடத்தில் அந்தக் காப்பீட்டில் இருந்தவர்களிடையே புகைப்பழக்கம் 38.3 சதவீதத்திலிருந்து 28.3-க்கு இறங்கியது. இந்தத் திட்டத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் இருதய நோய் ஆஸ்பத்திரிச் செலவில் 3.12 டாலர் மிச்சமானது என்று பின்னால் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இங்கிலாந்து வேறு வழி பிடித்தது. பில் எண்ணெல்லாம் இல்லாமல், 1999-இல் அரசு மருத்துவ சேவைக்குள்ளேயே இதற்கென்று தனி மையங்களைத் தொடங்கிவிட்டது.

சரி, நம்மூருக்கு வருவோம்.

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டின் முதல் பெரிய படி இ.எஸ்.ஐ. சட்டம் 1948-இல் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955 ஜனவரியில் கோயம்புத்தூர் மில் தொழிலாளர்கள் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. இ.எஸ்.ஐ.யின் பெரிய நல்ல குணம், படுக்கையில் சேராமலே வைத்தியம் பார்க்கலாம். டிஸ்பென்சரிக்குப் போகலாம், மாத்திரை வாங்கலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1954-இல் வந்த சி.ஜி.எச்.எஸ்.ஸும் அப்படித்தான். இந்தப் பாதையிலேயே எல்லோருக்கும் காப்பீடு வளர்ந்திருந்தால், புகையை விடுவதற்கான ஆலோசனை அதற்குள் இயல்பாகவே பொருந்தியிருக்கும்.

வளர்ந்தது வேறு பாதையில். 1986-இல் அரசு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிகிளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தன. அதன் அடிப்படை விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆஸ்பத்திரியில் குறைந்தது 24 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். காப்பீட்டுக் கணக்கில் இது நியாயமான விதி. எப்போதாவது வரும் பெரிய செலவுக்குத்தான் காப்பீடு, அடிக்கடி வரும் சின்னச் செலவுக்கு இல்லை. மோசடியைப் பிடிப்பதும் சுலபம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். காலை அறுத்து எடுத்தால் கிளெய்ம் உண்டு, கால் போகாமல் காப்பாற்ற நாலு முறை டாக்டரிடம் போய்ப் பேசினால் கிடையாது! புகையை விடுகிற வைத்தியம் முழுக்க முழுக்க ஓ.பி. சீட்டு வைத்தியம். யாரும் அதற்காகப் படுக்கையில் சேருவதில்லை. ஆக 1986-லேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது, புகையிலை என்ற வார்த்தையைக்கூட எழுதாமல்.

இங்கே பீடித் தொழிலாளர் கதையையும் சொல்லியாக வேண்டும். பழைய வட ஆற்காட்டில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமும், தெற்கே திருநெல்வேலியிலும் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் ஏராளம். 1976-இல் நாடாளுமன்றம் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தையும், அதற்குப் பணம் சேர்க்க பீடி மேல் ஒரு தீர்வையையும் கொண்டுவந்தது. அந்தப் பணத்தில் மருந்தகங்கள் வந்தன, முக்கூடலில் ஆஸ்பத்திரி வந்தது, புற்றுநோய்க்குச் செலவைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் அந்தத் தீர்வை ரத்தானது. நாற்பது வருடம் பீடி பிடிப்பவர் கொடுத்த காசிலிருந்து பீடி சுற்றுகிறவருக்கு வைத்தியம் நடந்தது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. பீடி பிடிப்பவர் அதை விடுவதற்கு அந்தக் காசில் பங்கு கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. அவர் விட்டுவிட்டால் நிதியே குறைந்துவிடுமே என்று ஒரு கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கலாம் :-)

2002-க்கு வருவோம். 'பாபா' வெளியான வருடம். திரையில் ரஜினி சிகரெட் பிடிப்பதை எதிர்த்து பா.ம.க. செய்த ரகளை பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே வருடம் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று நடந்தது. மத்திய சுகாதார அமைச்சகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க 13 புகையிலை விடுவிப்பு மையங்களைத் தொடங்கின. அதில் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய, டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை உயிராகக் காத்த அதே இடம். வாயிலும் தொண்டையிலும் கட்டி வந்தபிறகு வருகிறவர்களை அரை நூற்றாண்டு பார்த்த ஓர் ஆஸ்பத்திரி, அதற்கு முன்னாலேயே ஆளைப் பிடிக்கவேண்டும் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இந்த மையங்கள் இங்கிலாந்து வழியில் நடந்தன. பணம் பட்ஜெட்டிலிருந்து வரும், வருகிறவரிடம் பில் இல்லை. 2007-08-இல் தேசிய புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபோது இதே வழி மாவட்டங்களுக்குப் போனது. (அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த காலம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் அபராதம் என்ற விதிகள் வந்ததும் அப்போதுதான். 2007-இல் வந்த 'சிவாஜி'யில் ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போடவில்லை, சூயிங்கத்தைத் தூக்கிப் போட்டார். அது நிகோடின் சூயிங்கமா என்று ஷங்கர்தான் சொல்லவேண்டும்.)

பட்ஜெட் வழியில் ஒரு சிக்கல் உண்டு. மையம் இருக்கும், கவுன்சிலர் இருப்பார், சம்பளம் வரும். ஆனால் நோயாளியை யார் அங்கே அனுப்புவது? மூச்சுத்திணறலோடு போகிறவர் முதலில் போவது தனியார் நிபுணரிடம். அந்த நிபுணருக்கு அந்த மையத்தோடு எந்தக் கணக்கும் இல்லை. 2016-17-இல் எடுத்த இந்திய வயதுவந்தோர் புகையிலை ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடத் திட்டமிட்டிருந்தார்கள் அல்லது விடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரிடம் போன புகைப்பவர்களில் "விட்டுவிடுங்கள்" என்று சொல்லப்பட்டவர்களோ 48.8 சதவீதம். அதாவது மருத்துவருக்கு எதிரிலேயே போய் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்த ஒரு சொல்லையும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் அந்த ஆய்வின்படி புகையிலை பயன்படுத்துவோர் 20 சதவீதம். 2009-10-இல் 16.2. நாட்டின் மொத்த விகிதம் 34.6-லிருந்து 28.6-க்கு இறங்கிய அதே காலத்தில் இங்கே ஏறியிருக்கிறது!

இடையில் தமிழ்நாட்டில் காப்பீடு வீடுவீடாக வந்துவிட்டது. 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம், ஸ்டார் ஹெல்த் கம்பெனி வழியாக. ஆட்சி மாறி 2012 ஜனவரி 11 அன்று ஜெயலலிதா தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், யுனைடெட் இந்தியா வழியாக. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு அது இணைந்து, வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை என்று ஆனது. பெயரும் படமும் மாறின. உள்ளே இருக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: இந்த அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, இந்தச் சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு பேக்கேஜ் பட்டியல். 1986-இன் 24 மணி நேர விதியுடைய பேரப்பிள்ளைதான் இந்தப் பட்டியல். இதனால் உயிர் பிழைத்த குடும்பங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு, அதைக் குறைத்துப் பேசக்கூடாது. பேச்சுக்கு மட்டும் அந்தப் பட்டியலில் விலை இல்லை.

இனி வருவதுதான் கதையில் முடிச்சு.

2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு காப்பீட்டுக் கம்பெனிகளைப் பார்த்து நேராகவே சொல்கிறது: உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு கொடுக்கிறீர்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் கொடுக்கவேண்டும். ஆகஸ்டிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. எஃப்17 ஞாபகம் இருக்கிறதா? அந்த எஃப் வரிசை முழுக்க மனநலம், நடத்தை சம்பந்தப்பட்ட நோய்கள். அப்படியானால் புகையிலைச் சார்பும் உள்ளே வந்துவிட வேண்டுமே?

வரவில்லை. சட்டத்தில் மனநோய்க்குக் கொடுத்த விளக்கம் மதுவையும் போதைப்பொருளையும் தவறாகப் பயன்படுத்துவதோடு சேர்ந்த மனநிலைகளைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது, புகையிலையைச் சொல்லவில்லை. அடுத்து, 2019 செப்டம்பரில் ஆணையம் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் எழுதவேண்டிய விலக்குகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் 12-ஆவது விலக்கு: குடிப்பழக்கம், போதைப்பொருள், 'எந்த ஒரு அடிமைப்பழக்க நிலைக்கும்' செய்யும் சிகிச்சை, மற்றும் அதன் பின்விளைவுகள். 1986-இன் மெடிகிளெய்மில் மதுவும் போதை மருந்தும்தான் விலக்காக இருந்தன. 2019-இன் வாசகம் வலையை அகலமாக விரித்துவிட்டது. ஒரு கையால் 2018-இல் கொடுத்ததை மறு கையால் 2019-இல் எடுத்துக்கொண்ட மாதிரி. இந்தப் பட்டியலைப் போட்டதன் நோக்கம் நல்லதுதான் என்பதையும் சொல்லவேண்டும். அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு விலக்கு எழுதிக்கொண்டிருந்தது. மனநோயை மொத்தமாக விலக்கக்கூடாது என்று சொன்னதும் இதே உத்தரவுதான்.

"பின்விளைவுகள்" என்ற ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும்? புகைத்தவருக்கு வரும் நுரையீரல் புற்றுநோய் பின்விளைவா? அந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி அகமதாபாத் நுகர்வோர் ஆணையத்துக்கு வந்துவிட்டது. 2014-இல் நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த ஒருவர் 93,297 ரூபாய்க்கு கிளெய்ம் போட்டார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் புகைப்பழக்கம் உண்டு என்று எழுதியிருந்ததைக் காட்டி கம்பெனி மறுத்தது. காகிதத்தில் அப்படி எழுதியிருப்பது மட்டுமே புகையால்தான் நோய் வந்தது என்பதற்கு ஆதாரம் ஆகாது, புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது, புகைக்கிற எல்லோருக்கும் வருவதும் இல்லை என்று சொல்லி, பணத்தைக் கொடுக்க 2021-இல் ஆணையம் உத்தரவிட்டது. ஏழு வருடம்!

அந்த வழக்கில் கவனிக்கவேண்டியது தொகை இல்லை. டாக்டர் கேட்கிறார், நோயாளி உண்மையைச் சொல்கிறார், அது கேஸ் ஷீட்டில் ஏறுகிறது, அந்த ஒரு வரியே பின்னால் அவருக்கு எதிராக நிற்கிறது. அமெரிக்காவில் கேஸ் ஷீட்டில் "புகைக்கிறார், பத்து நிமிடம் பேசினேன்" என்று எழுதினால் டாக்டருக்குப் பணம் வருகிறது. இங்கே "புகைக்கிறார்" என்று எழுதினால் நோயாளிக்குப் பணம் நின்றுபோகலாம். "டாக்டர், அதை மட்டும் எழுதாதீங்க, இன்சூரன்ஸ் இருக்கு" என்று நோயாளியின் மகன் கெஞ்சினால் அவனைக் குறை சொல்ல முடியுமா? டாக்டர் எழுதாமல் விட்டால், அடுத்த முறை பார்க்கும் இன்னொரு நிபுணருக்கு விஷயமே தெரியாது. புகையை விட உதவி தேவைப்படுகிறவர் அந்த உதவியைக் கேட்கும் அந்த நொடியிலேயே தன் கிளெய்முக்கு எதிராக ஒரு சாட்சியத்தை உருவாக்குகிறார்.

இதற்கிடையில் காப்பீட்டுக்கு வெளியே சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் நிகோடின் மாற்று மருந்தைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009-லேயே சேர்த்தது. இந்தியப் பட்டியலுக்குள் அது வந்தது 2022 செப்டம்பரில். பதின்மூன்று வருடம் தாமதம், ஆனாலும் இது பெரிய விஷயம். அத்தியாவசியப் பட்டியலில் வந்த மருந்துக்கு அரசு உச்சவிலை நிர்ணயிக்கலாம், அரசு ஆஸ்பத்திரிகள் வாங்கி வைப்பதற்கும் நியாயம் கிடைக்கிறது. 2016 மே மாதம் டெல்லியில் தொடங்கிய இலவச விடுவிப்புத் தொலைபேசி சேவை, 2018-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் உட்பட இன்னும் மூன்று இடங்களுக்கு விரிந்தது. 2018 செப்டம்பர் முதல் அந்த எண், 1800-11-2356, ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் பீடிக்கட்டிலும் அச்சாகிறது. அழைப்பவருக்கு பில் இல்லை, கேஸ் ஷீட் டி.பி.ஏ.வுக்குப் போவதும் இல்லை.

திருவண்ணாமலையிலும் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. வேங்கிக்காலிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். வேலைக்குப் போகிறவருக்கு நாலு முறை அங்கே வருவது என்றால் நாலு நாள் கூலி என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும், காப்பீட்டுக்காரர்கள் எழுதாத செலவு அது. தனியாரிடம் பாலிசி எடுக்கிறவர்கள் புரொபோசல் ஃபாரத்தில் "புகைப்பீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை" என்ற கட்டத்தை உள்ளபடி நிரப்புவதே உத்தமம். 2024-இல் ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி நிரூபணமானால் தவிர, எதையோ மறைத்தார் என்று கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது 96 மாதமாக இருந்தது. ஆனால் அந்த 60 மாதப் பாதுகாப்புக்கும் ஒரு வெளிவாசல் வைத்திருக்கிறார்கள்: பாலிசியில் எழுதியிருக்கும் நிரந்தர விலக்குகளுக்கு அது பொருந்தாது. பன்னிரண்டாவது விலக்கு இன்றைக்கும் பாலிசிகளில் சின்ன எழுத்தில் அப்படியே அச்சாகி வருகிறது.